காளையும் காரும் காரைக்குடியும்

காரைக்குடி என்றதும் ஒருவருக்குக் கொப்புடையம்மன் கோயில் நினைவுக்கு வரும். இன்னொருவருக்கு ஆயிரம் ஜன்னல் வீடு. நாக்கு நீளமானவர்களுக்குச் சீப்புச் சீடையும் கந்தரப்பமும் கவுனி அரிசியும் வரிசையாக வந்து நிற்கும். ஆனால் காரைக்குடி என்றதும் இத்தாலி தேசத்தை நினைத்துக்கொள்கிற மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் என் வீட்டுக்காரர்!

அவருக்கு மோட்டார் கார்ப் பித்து உண்டு. மற்றவர்கள் சுவாமி படம் சேர்ப்பதுபோல் அவர் கார்ப் படம் சேர்ப்பார். அதிலும் எல்லாக் காரும் ஆகாது. எஞ்சின் முன்னாலும் இல்லாமல், ஒரேயடியாகப் பின்னாலும் இல்லாமல், ஆசனத்துக்குப் பின்புறம் நடு வயிற்றில் உட்கார்ந்திருக்கும் பழைய இத்தாலிப் பந்தயக் கார்கள்தான் அவருடைய இஷ்ட தெய்வங்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வந்த பணத்தில் ஒரு பகுதியை அப்படி ஒரு பழைய காரில் போட்டால் என்ன என்று அவர் மனசுக்குள் ஓர் எண்ணம் முளைத்திருந்தது. என் மாமனார் 1978-ல் வாங்கிய பத்மினிக் காரை விற்றுவிடுவது என்றும் கூடவே தீர்மானம். நான் ஒன்றும் சொல்லவில்லை. “செட்டிநாட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம்” என்றேன். அந்தப் பத்மினியிலேயே, தை மாதத்தில் ஒரு நாள் மதுரையிலிருந்து புறப்பட்டோம்.

சிராவயல் பொட்டல்

மேலூர் தாண்டி, திருப்பத்தூர் தாண்டிக் காரைக்குடி நோக்கிப் போகும் வழியில் சிராவயல் இருக்கிறது. மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன ஊர். நாங்கள் போனபோது மஞ்சுவிரட்டு முடிந்து சில நாள் ஆகியிருந்தது. பொட்டல் முழுவதும் குளம்படித் தடம். என் வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நின்றார்.

“லம்போர்கினி இங்கேதான் பிறந்திருக்க வேண்டும்!” என்றார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் விஷயமும் உண்டு. ஃபெருச்சியோ லம்போர்கினி என்பவர் இத்தாலியில் டிராக்டர் செய்து விற்றவர். 1916-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி பிறந்தவர். நம் பஞ்சாங்கப்படி அது சித்திரை மாதம், சூரியன் மேஷத்தில் இருக்கும் காலம். மேல்நாட்டார் கணக்கிலோ ரிஷபம்! ஆகையால் தம் காருக்குக் காளையையே சின்னமாக வைத்துக்கொண்டார். அத்தோடு விட்டாரா? 1966-ல் ஜெனீவா கண்காட்சியில் உலகத்தையே மூக்கில் விரல் வைக்கச் செய்த காருக்கு ‘மியூரா’ என்று பெயர் சூட்டினார். ஸ்பெயின் தேசத்தில் முரட்டுக் காளைகளை வளர்ப்பதற்குப் பேர்பெற்ற குடும்பத்தின் பெயர் அது. 1968-ல் வந்த இன்னொரு காருக்கு ‘இஸ்லெரோ’ என்று பெயர். 1947-ல் மனோலெத்தே என்ற புகழ்பெற்ற வீரரைக் குத்திக் கொன்ற காளையின் பெயர் அது! நம் பக்கத்தில் காளையை அடக்கியவனுக்குப் பரிசு கொடுப்பார்கள். அங்கே ஆளைக் கொன்ற காளைக்குக் காரே கொடுத்துவிட்டார்கள்.

“அது சரி, எஞ்சினை எதற்கு நடுவில் வைக்க வேண்டும்?” என்று கேட்டேன்.

அதற்கும் சிவகங்கைச் சீமையிலேயே பதில் இருந்தது. மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும். பாரம் அச்சை ஒட்டி நடுவில் இருந்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும். காரும் அப்படியே. மிகக் கனமான சாமான் எஞ்சின். அது நடுவில் இருந்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். ஆனால் அளவுக்கு மீறிய வேகத்தில் பிடி தவறினால் பம்பரம்போல் சுழன்றும் விடும். ஃபெராரி கம்பெனியின் எஞ்சோ ஃபெராரி, மாடு வண்டியை இழுக்க வேண்டுமே தவிரத் தள்ளக் கூடாது என்கிற கட்சிக்காரராக வெகு காலம் இருந்தார். பந்தயத்தில் மற்றவர்கள் ஜெயிக்கத் தொடங்கிய பிறகே மனம் மாறினார்.

மூன்று மருமகள்கள்

காரைக்குடி போய்ச் சேரும்வரை இந்தக் கார்களை நான் ஒரு குடும்பத் தலைவியின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு மூன்று மருமகள்கள் வந்தால் எப்படி எடை போடுவோமோ, அப்படி.

மூத்தவள் மியூரா. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அவளுக்கு உருவம் கொடுத்த மார்ச்செல்லோ காந்தினிக்கு அப்போது இருபத்தேழு வயதுதான். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், ஏறக்குறைய நாலு லிட்டர், ஆசனத்துக்குப் பின்னால் குறுக்குவாட்டில் படுத்திருக்கும். 1973-ஆம் வருஷம் வரை செய்தது எண்ணூறுக்கும் குறைவு. ஆனால் குணம்? பொல்லாத குணம்! எஞ்சின் சூடும் சத்தமும் காதுக்குப் பின்னாலேயே. சாமான் வைக்கும் பெட்டி எஞ்சினுக்கு அடுத்தாற்போல் இருப்பதால் அதுவும் சுடும். இட்லிப் பொட்டலம் வைத்தால் ஆறாது; பூ வைத்தால் வாடிவிடும். மிகுந்த வேகத்தில் மூக்கு லேசாகிவிடும். கார்புரேட்டரில் தேங்கும் பெட்ரோல் எஞ்சின்மேல் சிந்தித் தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. இன்றைக்கு அவளுடைய விலை பத்து லட்சம் டாலருக்கு மேல்.

இரண்டாமவள் டினோ. இவள் கதையைக் கேட்டால் பெற்ற வயிறு கலங்கும். எஞ்சோ ஃபெராரியின் மகன் பெயர் டினோ. எஞ்சினியரிங் படித்த பையன். தசைகள் நலிந்துபோகும் நோயில் 1956-ல், இருபத்து நாலாவது வயதில் காலமானான். படுக்கையில் கிடந்த நாளில் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் பற்றித் தன்னோடு பேசி வந்தான் என்று தகப்பனார் கடைசிவரை சொல்லி வந்தார். 1967-ல் சாலைக்கென்று நடு எஞ்சின் வைத்து ஒரு கார் வந்தபோது, அதில் ஃபெராரியின் குதிரைச் சின்னத்தைக்கூட வைக்காமல் மகன் பெயரை மட்டும் எழுதினார்கள். மியூராவின் பாய்ச்சல் இவளிடம் இல்லை. 2 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பாள். வளைவில் பதவிசாகத் திரும்புவாள். அடக்கமான அழகு.

மூன்றாமவள் ஃபியட் எக்ஸ் ஒன்று ஒன்பது. பெயர் பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி இருக்கிறது, இல்லையா? 1972-ல் வந்தவள். அதே காந்தினி இருந்த பெர்தோனே பட்டறையில் உருவானவள்தான். எஞ்சின் மட்டும் சாதாரணக் குடும்பக் காரினுடையது, 1.3 லிட்டர். பணக்காரர் மட்டுமே வைத்திருந்த நடு எஞ்சினை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டுவந்தவள் இவள். ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றாள். முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. கூரையைக் கழற்றி முன்பெட்டியில் வைத்துவிடலாம். துருப்பிடிப்பது ஒன்றுதான் குறை.

மூவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டே ஆசனம்! புருஷன், பெண்டாட்டி தவிர மூன்றாம் பேருக்கு இடமில்லை. குழந்தை குட்டியோடு பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டுமானால் பஸ்தான்.

ஆச்சி சொன்னது

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கும் எல்லாம் நடுவில்தான் இருக்கிறது. முகப்பு, பட்டாலை எல்லாம் கடந்து உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி வளவு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிச் சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய கண்ணாடிபோன்ற சுவர். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்றுச் சம்பாதித்ததையெல்லாம் கப்பலில் ஏற்றி இந்தப் பொட்டல் காட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

1927-ல் காந்தியடிகள் இந்தப் பக்கம் சுற்றுப்பிரயாணம் வந்தபோது இந்த மாளிகைகளைப் பார்த்தார். வெளிநாட்டுச் சாமான்கள் அடைந்து கிடப்பதைக் கண்டு, தம்மிடம் விட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் அமைத்துக் கொடுப்பேன் என்கிற பொருள்பட முகத்துக்கு நேராகவே சொன்னார்.

நாங்கள் பார்க்கப் போன வீட்டில் வயதான ஆச்சி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. என் வீட்டுக்காரரின் கண் நேரே அங்கேதான் போயிற்று.

“மோட்டார்க் கொட்டகை” என்றார் ஆச்சி. “எங்க ஐயா பினாங்குல இருந்து வந்தப்ப ஆஸ்டின் வண்டி வாங்கினாக. நான் சின்னப் புள்ளையா இருக்கையில அதுல ஏறிக் கோயிலுக்குப் போயிருக்கேன்.”

“இப்போது அது எங்கே, ஆச்சி?”

“ஐயா போனபெறகு யாரு ஓட்டுறது? பங்காளி அத்தனை பேருக்கும் பாத்தியதை. விக்கவும் ஒருத்தர் ஒத்துக்கலை. ஓட்டவும் ஒருத்தர் ஒத்துக்கலை. நின்ன எடத்துலயே டயரு மக்கி, சீட்டை எலி தின்னு, கடைசியில காயலான் கடைக்குத்தான் போச்சு.” சற்று நிறுத்தி, உத்தரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வீடும் அப்படித்தான், தாயி. ஒரு மழைக்கு ஓடு மாத்தலைன்னா மறு மழைக்கு மரம் போயிரும். வச்சுக்கணும்னா பொழங்கணும். பொழங்க முடியலையா, பொழங்குறவுக கையில குடுத்துறணும்.”

1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் நின்றது. பிறகு அங்கே நிலங்களும் போயின. வருமானம் நின்றாலும் வீட்டின் பசி நிற்கவில்லை. பல மாளிகைகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்பட்டன. சில பிரிக்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போனால், ஒரு காலத்தில் யாரோ ஒரு ஆச்சி மஞ்சள் பூசிக் கும்பிட்ட நிலைக்கதவு விலை அட்டையோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது. இந்த ஊர்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ப்பதற்கான உத்தேச வரிசையில் 2014-ல் சேர்த்திருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல்.

நடக்க நடக்கப் பளபளப்பு

ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் செய்வதையும் பார்த்தோம். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வர்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறி வெயிலில் காய்வதோடு சரி. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் ஏறிவிடுகிறது. ஆள் நடமாட நடமாடத்தான் பளபளப்பு கூடுமாம். பூட்டிய வீட்டில் மங்கிப்போகுமாம்.

என் வீட்டுக்காரர் அங்கே யோசனையில் ஆழ்ந்துவிட்டார். பழைய காரும் அதே ஜாதிதான் என்று அவருக்குத் தெரியும். ஓட்டாமல் நிறுத்தினால் ரப்பர் வெடிக்கும், பெட்ரோல் பிசினாகும். 1975-ல் வந்த ஃபெராரி 308 போன்ற கார்களில் எஞ்சினுக்குள் ஓடும் பெல்ட்டை, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே தீர வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினே போய்விடும். நம் தேசத்தில் 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயது நிறைந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக் கூடாது; கண்காட்சி, பந்தயம் போன்றவற்றுக்குத்தான். வெளிநாட்டுக் காருக்குச் சுங்க வரி வேறு. 2002-ல் சச்சின் டெண்டுல்கருக்குப் பரிசாக வந்த ஃபெராரி 360 மொடேனாவும் நடு எஞ்சின் கார்தான். அதற்கான 1.13 கோடி ரூபாய் வரியைத் தள்ளுபடி செய்ததில் நாடே சண்டை போட்டு, கடைசியில் ஃபியட் கம்பெனி அதைக் கட்ட வேண்டியதாயிற்று. பரிசுக்கே இந்தப் பாடு!

பார்த்து ரசிக்க மட்டும் ஆசையென்றால் அதற்கு வழி இருக்கிறது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1946-ல் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் பிடிக்க ஆரம்பித்தார். பின்னால் அது சென்னை வடபழனிக்குப் போயிற்று. அந்த ஏவி.எம். வளாகத்தில் 2023-ல் திறந்த காட்சிசாலையில் பழைய கார்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஒரு பெரிய வளாகத்தின் பக்கமாகப் போனோம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறந்தது. அங்கே ஆராய்கிற விஷயங்களில் ஒன்று மின்சார பேட்டரி. இன்றைய மின்சாரக் காரில் மிகக் கனமான சாமான் அந்த பேட்டரிதான். அதை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? இரண்டு அச்சுக்கும் நடுவில், தரைக்கு அடியில்! மியூராவுக்குத் தெரிந்த சூட்சுமம் இப்போது சாதாரணக் குடும்பக் காருக்கும் வந்துவிட்டது. அழகப்பர் தம் பணத்தில் எத்தனை கார் வாங்கியிருக்கலாம்! அவர் கொடுத்தது வருஷத்துக்கு வருஷம் புழங்கிக்கொண்டே இருக்கிறது.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “பத்மினியும் ஃபியட் வம்சம்தானே? எஞ்சின் முன்னால் இருந்தால் என்ன? அப்பா வாங்கியது. விற்க வேண்டாம். இன்னும் கொஞ்ச வருஷத்தில் அதற்கும் ஐம்பது நிறைந்துவிடும்” என்றார்.

“பின்னால் மூன்று பேர் உட்காரலாம்” என்றேன் நான்.

ஓய்வுப் பணம் பாங்கியில் பத்திரமாக இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் பத்மினி தவறாமல் ஓடுகிறது. கறிகாய் வாங்கத்தான்!