கேஸ் ஷீட்டுக்கு எத்தனை பிளகின்?

போன வாரம் போட்ட படத்துல, கறுப்புத் திரையில நான் எதையோ தட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டு "டாக்டர், ஹேக்கிங் எல்லாம் பண்றீங்களா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இல்லீங்க. அது 'விம்'னு ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். எங்க கிளினிக்ல மருந்து எடுத்துக் கொடுக்கிற அக்கா இன்னமும் அதைப் பாத்திரம் விளக்கற சோப்புன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் நீளமான த்ரெட், டீ போட்டுக்கிட்டு வாங்க.

விம்-மை 1991ல வெளியிட்டவர் நெதர்லாந்துக்காரர் பிராம் மோலனார். 1994ல உகாண்டாவுல கிபாலே குழந்தைகள் மையத்துல தன்னார்வலரா வேலை பார்த்திருக்கார். எய்ட்ஸால அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள் நிறைஞ்ச ஊர். திரும்பி வந்ததும், 'இந்த மென்பொருள் இலவசம்தான், முடிஞ்சா அந்தப் பிள்ளைகளுக்கு உதவுங்க'ன்னு கேட்டு, அதை விம்-மோட முதல் திரையிலேயே போட்டார். 2023 ஆகஸ்ட்ல இறந்துட்டார். அந்த வரி எனக்குப் பிடிச்சுப் போச்சு, அப்படித்தான் உள்ளே வந்தேன்.

தங்கிப் போனதுக்குக் காரணம் சேத்தியாத்தோப்பு கரண்ட். என் லேப்டாப் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. அரவை சீசன்ல கரும்பு வெட்டுறவங்க கை கால்ல காயத்தோட வரிசையா வர்ற சாயங்காலம்தான் கரண்ட் போகும். விம், 200 எழுத்து அடிச்சதும், இல்ல 4 நொடி சும்மா விட்டதும், எழுதினதை ஒரு ஸ்வாப் ஃபைல்ல போட்டு வெச்சுக்கும். திரும்ப ஆன் பண்ணி மீட்டா, கடைசியா அடிச்ச கொஞ்சம் தவிர எல்லாம் இருக்கும். இதுக்குத் தனியா பிளகின் எதுவும் தேவையில்ல.

பிளகின்னா எடிட்டரோட ஒட்டிக்கிற குட்டி நிரல், யார் வேணா எழுதலாம். இணையத்துல 'கட்டாயம் போட வேண்டிய 30 பிளகின்'னு பட்டியல் கிடைக்கும். அதைப் பார்த்தா எனக்கு, மஞ்சப்பையில 14 மாத்திரை அட்டையோட வர்ற தாத்தாக்கள்தான் ஞாபகம் வருவாங்க. ஒண்ணு கால் வீக்கத்தைக் கொடுக்கும், வீக்கத்துக்கு இன்னொண்ணு, அது பொட்டாசியத்தைக் குறைக்கும், அதுக்கு ஒரு சிரப்பு. எது எதுக்குன்னு கேட்டா தாத்தாவுக்கும் தெரியாது, எழுதின டாக்டருக்கும் மறந்திருக்கும்.

ஆனா மெஷின் மெதுவாகறது சின்ன விஷயம். பிளகின் எதையெல்லாம் படிக்கும்ங்கறதுதான் பெரிய கேள்வி. விம் பிளகினுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. நீங்க அந்தக் கணினியில என்னென்ன செய்ய முடியுமோ, அத்தனையும் அதாலயும் முடியும்: எந்த ஃபைலையும் திறக்கலாம், வெளியே அனுப்பலாம். இப்ப பிரபலமா இருக்கிற ஏஐ பிளகின்கள்ல பலது, நீங்க எழுதறதைத் தொலைதூர சர்வருக்கு அனுப்பித்தான் அடுத்த வரியை ஊகிக்குது. நிரல் எழுதுறவருக்கு அது வசதி. நான் எழுதறது நிரல் இல்ல, ஒரு பொண்ணோட சளிப் பரிசோதனை முடிவு.

டிபி-ன்னா அரசாங்கத்துக்குத் தெரிவிச்சே ஆகணும், 2012லிருந்து அதுதான் நடைமுறை. ஆனா அரசுக்குத் தெரியறதும் ஊருக்குத் தெரியறதும் ஒண்ணில்ல. நம்ம ஊர்ல ஒரு சேதி கசிஞ்சா புவனகிரி தாண்டறதுக்குள்ள கல்யாணப் பேச்சு நின்னு போயிடும். அதனால ஏஐ பிளகின் எதுவும் இந்த லேப்டாப்ல இல்ல. நான் புகழ்ந்த அதே ஸ்வாப் ஃபைலும் நோயாளி விவரத்தோட இன்னொரு நகல்தானே! அதுக்காக டிஸ்க் முழுசையும் என்கிரிப்ட் பண்ணி வெச்சிருக்கேன்.

அப்புறம், பாதிப் பிளகினோட வேலை விம்-முக்குள்ளேயே இருக்கு. பிளகின்களை நிர்வாகம் பண்ணவே ஒரு பிளகின் போடுவாங்க. 2016ல வந்த 8ஆம் பதிப்பிலிருந்து, ஒரு குறிப்பிட்ட ஃபோல்டர்ல போட்டாலே போதும். சுருக்கெழுத்தும் அப்படித்தான். 'ஏசி'ன்னா சாப்பாட்டுக்கு முன், 'பிசி'ன்னா பின், 'எச்எஸ்'னா தூங்கும்போது. நாங்க லத்தீன்ல படிச்சதை அடிச்சு ஸ்பேஸ் தட்டினா தமிழ்ல விரியற மாதிரி வெச்சிருக்கேன். மூணு வரி. சீட்டுல தமிழ்ல இருந்தா ஆயா பேரனைக் கூப்பிட வேண்டியதில்ல.

தமிழ்னு வந்தாதான் சிக்கல். தமிழ்99 விசைப்பலகையை ஆன் பண்ணிட்டு, வரியை அழிக்க 'டி டி' தட்டினா விம்-முக்குப் போய்ச் சேர்றது 'உ உ'. அது முழிக்கும். இதுக்கு பிளகின் தேடி அலைய வேண்டாம். விம்-முக்குள்ளேயே 'கீமேப்'னு ஒரு வசதி இருக்கு: எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளை கொடுக்கும்போது தானா ஆங்கிலம். கூடவே ஒரு தமிழ் கீமேப்பும் வருது, ஆனா அது பழைய டிஸ்கி குறியீட்டுக்கானது. அதனால யூனிகோடுக்கு நானே ஒரு ஞாயித்துக்கிழமை எழுதினேன். 216 உயிர்மெய்யையும் ஒரு சின்ன பைத்தான் நிரல் அடுக்கிக் கொடுத்துடுச்சு. ஒரு நொடிக்கு மேல யோசிச்சா 'கா' வராம 'கஆ'ன்னு வரும், அதுக்கு டைம்அவுட்டை நிறுத்தணும்.

எந்தப் பிளகினாலயும் தீராதது ஒண்ணு உண்டு. எழுத்தை வரையறது எடிட்டர் இல்ல, டெர்மினல். ஓர் எழுத்துக்கு எத்தனை கட்டம்னு ரெண்டும் வேற வேற கணக்குப் போட்டா, கொம்பு ஒரு பக்கம் நிக்கும், கர்சர் இன்னொரு பக்கம் நிக்கும். டெர்மினலை மாத்திப் பாருங்க, வேற வழியில்ல.

கடைசியா என்கிட்ட இருக்கிறது ரெண்டே பிளகின். பழைய ஃபைலை நொடியில தேடித்தர எஃப்இசட்எஃப். அழிச்சுத் திருத்தின பழைய வடிவங்களைக் கிளை கிளையாக் காட்ட அன்டோட்ரீ. மருந்து அளவை எப்போ மாத்தினேன்னு பார்க்க வேண்டியிருக்கே.

கீமேப் ஃபைல் வேணும்ங்கறவங்க கமென்ட்ல சொல்லுங்க. என்னை நம்பி அப்படியே போட்டுடாம, திறந்து படிச்சுட்டுப் போடுங்க. கிரந்த எழுத்து இன்னும் சேர்க்கல. 'இன்ஜெக்‌ஷன்'னு எழுதணும்னா நீங்கதான் சேர்த்துக்கணும். எனக்கு 'ஊசி'யே போதுமா இருக்கு.