பல் வைத்தியமும் நறுமணமும்

பல் வைத்தியசாலையில் நாற்காலிக்கும் கருவிக்கும் முன்னதாக அச்சத்தை எழுப்புவது அதன் மணமே என்பது என் அநுபவம். வாயிற்படியைக் கடக்கையிலேயே கிராம்பின் நெடி மூக்கில் ஏறும், உள்ளங்கை வியர்க்கும். அதே கிராம்பு கிறிஸ்துமஸ் நாளில் எம் அடுக்களையில் மணக்குங்கால் நாவில் நீர் ஊறுகின்றது. இதன் காரணம் யாதென அறிய விழைந்தேன்.

கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினால் என்னும் பொருளைத் துத்தநாக ஆக்ஸைடுடன் குழைத்துப் பற்குழியை அடைப்பது பல் வைத்தியரின் நெடுங்கால வழக்கம். பிரான்ஸ் தேசத்து ஆராய்ச்சியாளர் சிலர், இம்மணம் பல் வைத்தியத்திற்கு அஞ்சாதார்க்கு இனிதாகவும் அஞ்சுவார்க்கு அச்சந் தருவதாகவும் தோன்றுதலை 1999-இல் எடுத்துக்காட்டினர். மணவுணர்ச்சி மூளையில் உணர்ச்சியும் நினைவும் உறையும் பகுதிகளை விரைந்து சேர்தலின், பண்டைத் துன்பம் மணத்தோடு பிணைந்துவிடுகின்றது. ‘நாற்றம்’ என்னுஞ் சொல்லும் பண்டு நறுமணத்தைக் குறித்து நின்று, பின்னர்த் தீய மணத்திற்கே உரியதாயிற்றன்றோ? சொல் அதுவே; சேர்க்கையால் பொருள் திரிந்தது.

மணம் அச்சந் தருமாயின், மணமே அதனைத் தணித்தலுங் கூடும். வியன்னா நகரில் 200 நோயாளரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆரஞ்சு அல்லது லாவெண்டர் மணம் பரவிய அறையில் காத்திருந்தோர் ஏனையோரினும் கலக்கங் குறைந்திருந்தனர். 2010-இல் வெளியான பிறிதோர் ஆராய்ச்சி, 340 நோயாளரிடை நுண்ணியதோர் வேறுபாட்டைக் கண்டது. லாவெண்டர் அப்பொழுதைய கலக்கத்தைத் தணித்தது. இனி வைத்தியரிடம் செல்லுதல் பற்றிய அச்சமோ குறையவில்லை.

இவ்வேறுபாடே என் நெஞ்சைத் தொட்டது. என் பாட்டியார் இளமையில் ஒருகாற் பட்ட நோவை நினைந்து வைத்தியரை நாடாது, பற்களை ஒவ்வொன்றாய் இழந்தார்கள். சிறு குழியாய் இருந்த காலத்தே சென்றிருப்பின் பல பற்கள் எஞ்சியிருக்கும். அவர்கட்கு வேண்டியிருந்தது ஒரு நாழிகை அமைதி மாத்திரமன்று. மறுமுறையும் செல்லுந் துணிவு. அதனை அளிக்க வல்லது, செய்வதை முன்னரே சொல்லி, கை உயர்த்தியவுடன் நிறுத்தும் வைத்தியரின் பொறுமையே.

ஆயினும் நறுமணத்தை இகழ்தல் வேண்டா. ஈளை நோயாளர்க்கு ஒவ்வாதிருத்தல் கூடுமாதலின், கேட்டறிந்து பயன்படுத்துக. நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரம் நறுமணத்தையும் நண்பனின் ஆலோசனையையும் அருகருகே வைத்துப் பேசுகின்றது. அஞ்சுவோரை வரவேற்கும் அறையில் அவ்விரண்டும் ஒருங்கே அமைதல் நன்று.