மறுப்புக்கும் ஒரு நேரம் உண்டு



'வேண்டாம்' என்று சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரம் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதை அறியாததால் எத்தனையோ குடும்பங்களில் மனக்கசப்பு வளர்கிறது. இதைத் தெளிவாக வரையறுக்கும் ஒரு விதியை நான் பிள்ளைகளின் அட்டை விளையாட்டு ஒன்றில் கண்டேன். மதரஸா ஆசிரியர் சீட்டைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம்; சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

இராஜபாளையத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் நான்கு சிறுவர்கள் திண்ணையில் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தனர். ஒருவனுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த அட்டைகள் அவை. முதலாமவன் ஓர் அட்டையை வைத்தான். வைத்த கையோடு அதன் பலனையும் எடுத்துக்கொண்டான். நான்காமவன், "அதை நான் ரத்துச் செய்கிறேன்" என்று தன் மறுப்பு அட்டையை நீட்டினான். "நேரம் கடந்துவிட்டது" என்றான் முதலாமவன். "நீ எனக்கு இடைவெளியே விடவில்லையே!" என்றான் நான்காமவன். "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்கள்" என்று வழக்கு என்னிடம் வந்தது. கல்லூரியில் படித்த ஆங்கிலம் துணை நிற்க, விதிகளை வாங்கிப் படித்தேன்.

அந்த விளையாட்டின் பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதவியலர் உருவாக்க, 1993 இல் அமெரிக்காவின் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் வெளியிட்டது. தொடக்கத்தில் இதில் ஆளுக்கோர் அட்டையைப் பந்தயமாக வைக்கும் வழக்கமும் இருந்தது. அது சூதாட்டம், மார்க்கத்தில் ஹராம். 1995 க்குப் பின் பந்தயம் பற்றிய அட்டைகள் புதிதாக வெளிவரவில்லை. எனினும் மந்திரமும் சூனியமுமே அதன் கதைக்களம். உள்ளே என்ன அட்டை இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்துப் பொட்டலம் வாங்குவதும் உண்டு. ஆகவே பிள்ளைகளுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதன் ஒரு விதியை மட்டுமே.

ஒருவர் அட்டையை வைத்தவுடன் அது நிறைவேறிவிடுவதில்லை. அது ஓர் அடுக்கில் காத்திருக்கும். மற்றவர்களுக்கு, அமர்ந்திருக்கும் வரிசைப்படி, 'ஏதேனும் செய்கிறீரா?' என்ற வாய்ப்பு ஒவ்வொருவராகச் செல்லும். எல்லோரும் 'இல்லை' என்று விட்டுக்கொடுத்த பிறகே அட்டை நிறைவேறும். இடையில் ஒருவர் மறுப்பு அட்டை வைத்தால் அதுவும் அடுக்கின் மேல் ஏறும். மறுப்பையே மறுக்கும் வாய்ப்பு மீண்டும் அனைவருக்கும் வரும். விருந்து வீட்டில் அடுக்கிவைத்த தட்டுகளில் மேல்தட்டைத்தானே முதலில் எடுக்கிறோம்? அதுபோலக் கடைசியில் வைத்தது முதலில் நிறைவேறும். இந்த முறை 1999 இல் ஆறாம் பதிப்பின் விதிகளோடு வந்தது. அதற்கு முன் மறுப்பு அட்டைகள் தனி இனமாக, தனி நேர விதிகளுடன் இருந்தன.

நிறைவேறிய அட்டையை மறுப்பு அட்டை தீண்டாது. களத்தில் இறங்கிவிட்டதை அகற்ற வேறு வகை அட்டை வேண்டும். ஆனால் வாய்ப்புத் தராமல் அவசரமாக நிறைவேற்றியிருந்தால், பின்னோக்கிச் சென்று அந்த வாய்ப்பைத் தர வேண்டும். எனவே நான்காமவன் பக்கம் தீர்ப்புச் சொன்னேன்.

இதில் எனக்கு வியப்பில்லை. நாங்கள் ஓதிக்கொடுக்கும் ஹனஃபி ஃபிக்ஹில் ஷுஃப்ஆ என்றொரு பாடம் உண்டு. பக்கத்து நிலம் விற்கப்பட்டால் அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை அது. செய்தி கேட்டவுடன் கோர வேண்டும். கேட்டும் வாளாவிருந்தால் உரிமை போய்விடும். ஆயினும் செய்தி எட்டும் வரை அந்தக் கெடு தொடங்குவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றம் இருப்பதால் எங்கள் பகுதி மக்களுக்கு வழக்கு புதிதன்று. எதிர்த்தரப்பு வராமலே வழங்கப்பட்ட உரிமையியல் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள் தவணை. அழைப்பாணை முறையாகச் சார்பு செய்யப்படவில்லை என்றால், தீர்ப்பு வந்த நாளிலிருந்தன்று, அதை அறிந்த நாளிலிருந்தே அந்த 30 நாளும் கணக்காகும் என்கிறது 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம்.

ஆக, நேர விதிக்கு இரண்டு முகங்கள். மறுப்பவர் உரிய நேரத்தில் மறுக்க வேண்டும். செய்பவரோ அந்த நேரத்தை உண்மையாகவே வழங்க வேண்டும். முதல் முகத்தை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

கணவரிடமிருந்து குலா வேண்டி ஜமாஅத்தாரிடம் வந்த ஒரு பெண்ணை நான் அறிவேன். "நிக்காஹ் அன்று சம்மதம் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார் ஒரு பெரியவர். அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "கேட்டீர்கள், பெரியத்தா. பிரியாணிச் சட்டி இறங்கிய பிறகு கேட்டீர்கள்." சபையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்க வேண்டும், அவளது மௌனமே அனுமதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். வெட்கத்தால் வாய் திறவாதவளுக்கு அது சலுகை. நமக்கு அது குறுக்கு வழியன்று. அன்ஸாரிப் பெண்மணி கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை, முன்பு மணமாகியிருந்த நிலையில், தந்தையார் அவரது விருப்பத்திற்கு மாறாக மணமுடித்து வைத்தார். அவர் நபிகளாரிடம் வந்து முறையிட்டார். அந்த நிக்காஹை நபியவர்கள் ரத்துச் செய்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மணம் முடிந்த பின் வந்த மறுப்புதான் அது. ஆனால் அவரது விருப்பத்தைப் புறந்தள்ளி நடந்த செயல், 'நேரம் கடந்துவிட்டது' என்று சொல்லித் தப்பவில்லை.

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! மண்டபத்திற்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன், மகளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். சில நாள்கள் பொறுத்திருங்கள். தாயிடமோ பாட்டியிடமோ அவள் மனம் திறக்க வழிவிடுங்கள். களத்தில் இறங்கிய பின் அகற்றுவதற்குத் தலாக்கும் குலாவும் உண்டுதான். அவற்றின் விலை என்னவென்று ஒவ்வொரு மஹல்லாவும் அறியும்.