கவுண்டரும் கஜானா சாவியும்

பேங்க்காரனுக்கும் அனிமேஷனுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கும் அதே சந்தேகம்தான் :-)

புனேவுக்கு மாற்றலாகி வந்து 11 வருஷம். பொண்ணு சி.ஏ. படிப்பாள்னு நான் போட்ட கணக்கு தப்பி, இப்போ அனிமேஷன் கடைசி வருஷம். அதில் எனக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது, ஒளிப்பானேன். அவள் எடுத்த படம் 90 வினாடி. பாட்டி மொட்டை மாடியில் வடாம் காய வைக்கிறாள், காக்காய் வருகிறது. அவ்வளவுதான் கதை. திங்கள் காலை 9 மணிக்குள் ஒப்படைக்கணும்.

வினாடிக்கு 24 ஃபிரேம், ஆக 2160. பிளெண்டரில் ஒரு ஃபிரேம் ரெண்டர் ஆக 4 நிமிஷம். ஒரே கம்ப்யூட்டர் என்றால் 6 நாள். அதனால் தோழிகளிடம் மூன்றைக் கடன் வாங்கி, நான்கையும் வைஃபையில் இணைத்து, ராத்திரி 8 மணிக்கு ஓட விட்டாள். 36 மணி நேரத்தில் முடியணும். ஆனால் ஃபிரேமுக்கு 7 நிமிஷம் ஆனது. அப்படியே போனால் 63 மணி நேரம், அதாவது திங்கள் காலை 11 மணி! பொண்ணு அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பிளெண்டர் தெரியாது. க்யூ நகராவிட்டால் எங்கே நிற்கிறதுன்னு பார்க்கத் தெரியும். "வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் மெஷின் என்னம்மா பண்றது?" என்றேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். பிராசஸர் சும்மா கிடந்தது. நெட்வொர்க் கோடு மட்டும் உச்சத்தில்.

ஃபைல்களெல்லாம் ரவுட்டரில் செருகிய ஒரே ஹார்ட் டிஸ்க்கில். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிளெண்டர் புதுசாகத் திறந்து, அத்தனையையும் வைஃபை வழியே இழுத்து, ஒரு படம் போட்டுவிட்டு மூடிக்கொள்கிறது. நாலும் ஒரே நேரத்தில் இழுத்தால்? ஒவ்வொரு கஸ்டமருக்கும் ரெண்டு சாவி போட்டு ஸ்ட்ராங் ரூமைத் திறந்து மூடுகிற கதைதான். காலையிலேயே கேஷியரிடம் பணத்தைக் கொடுத்தால்தானே கவுண்டர் ஓடும்?

ஃபைல்களை நான்கு மெஷினிலும் காப்பி செய்தோம். ஒரு தடவை திறந்தால் 60 ஃபிரேம் முடித்துவிட்டுத்தான் மூடணும்னு கட்டளையை மாற்றினாள். "ஆளுக்கு 540 கொடுத்துடலாமே?" என்றேன். "மெதுவான மெஷின் கடைசியில தனியா மாட்டிக்கும்ப்பா" என்றாள். நியாயம்தான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது.

படம் பார்த்தேன். பாட்டி காக்காயை விரட்டுகிற அந்தக் கையசைப்பு அப்படியே என் அம்மாவுடையது. கோடை லீவுக்கு ஊருக்குப் போன நாலைந்து தடவையில் பார்த்து வைத்திருக்கிறாள். சி.ஏ. பேச்சை அதற்கப்புறம் நான் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? புதுசு வாங்குவதற்கு முன்னால், அது எதற்காகக் காத்திருக்கிறதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க.