மலைநாட்டுத் தேநீரும் மாலைப் பலகாரமும்

பிரான்சு தேசத்தார் ஒரு கிண்ணம் திராட்சை மதுவைக் கையில் ஏந்தினால், அது எந்தச் சரிவில் விளைந்தது, எந்த ஆண்டிற் பிழிந்தது, அதனோடு எந்த உணவு இசையும் என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே உதட்டில் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். மது நம் இல்லங்களுக்கு உரிய பொருள் அன்று. ஆகவே அந்த ஆராய்ச்சியும் நமக்கு வேண்டாதது என்று இருந்துவிட்டோம். ஆனால் நாள்தோறும் மூன்று வேளை நாம் பருகும் தேநீருக்கும் ஊர் உண்டு, உயரம் உண்டு, பருவம் உண்டு, துணையாகத் தின்னத்தக்க பண்டமும் உண்டு என்பதை, நாற்பது வயதைக் கடந்த பின்னர், 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் மலைநாட்டுக்குச் சென்றபோதுதான் அறிந்துகொண்டோம். அதுவும் ஓர் ஏமாற்றத்தின் வாயிலாகவே அறிந்துகொண்டோம்.

சிவனொளிபாதமலையைத் தரிசிக்க வேண்டுமென்பது எம் இல்லாளின் நெடுநாளைய ஆசை. போகிற வழியில் நுவரெலியாவையும் பார்த்துவிடலாம் என்று கோட்டையிற் புகையிரதம் ஏறி நானுஓயாவில் இறங்கினோம். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்புகள் அல்லவா? ஆறாயிரத்து நூறு அடிக்கு மேற்பட்ட அந்த உயரத்தில், பகல் இரண்டு மணிக்கே பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. பழைய வெள்ளைக்காரப் பாணியில் அமைந்த ஒரு விடுதிக்குள் நுழைந்து, தேநீரும் ஏதேனும் தின்பண்டமும் வேண்டுமென்றோம். வெள்ளிப் பூச்சுப் பூசிய கூசாவில் வெந்நீர், நூலிற் கட்டிய காகிதப் பையில் தேயிலை, ஒரு குடுவை பால், பக்கத்தில் வெண்ணெய்ப் பூச்சு அப்பிய கேக்குத் துண்டுகள் என எல்லாம் முறையாக வந்தன. பாலை ஊற்றினோம், சீனியைப் போட்டோம், குடித்தோம். பாலும் சீனியும் தெரிந்தன, தேயிலை எங்கே என்று தெரியவில்லை. விலைச் சீட்டு வந்தபோது குளிர் இருந்த இடம் தெரியாமற் போயிற்று.

"இதைவிட நம் சந்திக் கடைத் தேத்தண்ணி எவ்வளவோ மேல்" என்றாள் இல்லாள். தேயிலை விளையும் ஊரிலேயே தேநீர் இப்படியா என்ற கேள்வி எம்மை உறுத்திக்கொண்டே இருந்தது.

விடை மறுநாட் காலையிற் கிடைத்தது. நுவரெலியாவைச் சுற்றி, பீட்று, லபுக்கலை முதலிய தோட்டங்களில், பார்வையாளருக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும் வழக்கம் உண்டு. அத்தகைய ஒன்றினுள் புகுந்தோம். கொழுந்தைப் பரப்பி வாட்டுவது, உருட்டி நசிப்பது, காற்றுப் பட்டுப் பச்சை நிறம் செம்பாக மாற விடுவது, பின்னர் சூட்டில் உலர்த்திச் சலிப்பது ஆகிய எல்லாவற்றையும் அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். விடுதிக் கதையை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். நுவரெலியாத் தேயிலை மிக மென்மையானது. பூவின் மணம் போன்ற மணமும் வெளிறிய பொன்னிறமும் கொண்டது. அதில் பாலை ஊற்றுவதே பிழை, அதன்மேல் வெண்ணெய்க் கேக்கும் தின்றால் நாக்கிற்கு என்ன தெரியும் என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார். அந்த உயரத்தில் நீர் ஏறக்குறைய 94 பாகைச் சூட்டிலேயே கொதித்துவிடும். ஆகவே கடற்கரை ஊர்களிற் போலச் சாயம் விரைந்து இறங்காது, சற்று நேரம் மூடி வைக்க வேண்டும். கல்லூரியில் ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்! குளிரில் அது எமக்கு மறந்து போயிற்று.

இவ்விடத்தில் தேயிலை வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொதிகளின் மேல் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்றெல்லாம் எழுதியிருப்பதை நாம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பது போல எண்ணிக்கொள்கிறோம். அஃது அப்படியன்று. அவை இலைத் துணுக்கின் பருமனைக் குறிப்பவையேயன்றித் தரத்தைக் குறிப்பவை அல்ல. ஓ.பி. நீண்ட முறுக்கிலை, பி.ஓ.பி. உடைத்த இலை; பி.ஓ.பி.எப். அதனினும் சிறியது, டஸ்ட் எல்லாவற்றிலும் நுண்ணியது. 'ஒறேஞ்' என்று பெயரில் இருப்பதனால் தோடம்பழ வாசனையை எதிர்பார்ப்பதும் வீண். துணுக்குச் சிறுக்கச் சிறுக்கச் சாயம் விரைவாகவும் கடுமையாகவும் இறங்கும். டஸ்ட் என்றால் நிலத்திற் கூட்டி அள்ளியது என்று பலரும் முகஞ் சுளிப்பார்கள். நல்ல தோட்டத்து டஸ்ட் நல்ல தேயிலையே.

தரத்தைத் தீர்மானிப்பவை உயரமும் பருவமும் ஆகும். கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. நாலாயிரம் வரை இடைநிலம். அதற்கு மேல் உயர்நிலம். ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா அடங்கிய டிம்புளைப் பகுதிக்குத் தை முதல் பங்குனி வரையிலான வறண்ட குளிர்காலமே சிறந்த பருவம். இரவுக் குளிரில் கொழுந்து மெல்ல வளர, மணம் அதனுள் திரளுகிறது. மலையின் கிழக்குப் பக்கமாகிய ஊவாவுக்கோ ஆடி, ஆவணியை ஒட்டியே அந்தக் காலம் வாய்க்கும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டுக் காட்டினார். 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடந்து வருகிறது. அங்கே தேயிலை சுவைப்போர் கரண்டியால் உறிஞ்சி, வாயிற் சுழற்றி, துப்பி, இது இன்ன தோட்டம் என்று சொல்லிவிடுவார்களாம். மது சுவைப்போரும் அவ்வாறே செய்வர் என்பர்.

நிற்க. நுவரெலியாக் கடையொன்றில், அழகிய தகரப் பெட்டியில் அடைத்த உயர்ந்த பி.ஓ.பி. தேயிலை ஒன்றை வாங்கிக்கொண்டு ஹற்றனுக்குப் புறப்பட்டோம். அது யாருக்கென்றால், எம்மிடம் முன்னர் படித்து, தற்போது தானும் ஆசிரியராய் இருக்கும் மாணவர் ஒருவரின் தாயாருக்கு. அவ்வம்மையார் முப்பத்தொரு ஆண்டுகளாகக் கொழுந்து பறிப்பவர். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதையாக, கொழுந்து பறிக்கும் கைகளுக்கே தேயிலையைப் பரிசாகக் கொண்டு போகிறோமே என்று வழிநெடுக இல்லாள் கேலி செய்துகொண்டு வந்தாள்.

மலைச் சரிவில் நீண்டு கிடந்த லயத்தின் நடு வீடு அது. ஞாயிற்றுக்கிழமை ஆனபடியால் அம்மையார் வீட்டில் இருந்தார். "வாங்க சேர், வாங்கம்மா" என்று வரவேற்றுப் பலகையை இழுத்துப் போட்டார். பெட்டியைக் கொடுத்தோம். மூடியைத் திறந்தவர் உடனே பேசவில்லை. முகத்தருகே கொண்டுபோய் இரண்டு முறை முகர்ந்தார்.

"இந்த வாசத்த ஸ்டோருக்குப் பக்கத்துல மோந்திருக்கேன் சேர். குடிச்சதில்ல" என்றார்.

கேலி செய்துகொண்டு வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். எமக்கும் மறுமொழி எதுவும் வரவில்லை.

அன்று காலை ஆகாரம் கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துத் தட்டிய தடித்த ரொட்டி. செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் அம்மியில் தட்டிய சம்பல். எம் வேண்டுகோளின்படி பெட்டித் தேயிலையையே ஊற்றினார். நாம் வியந்து வியந்து குடித்தோம். முந்திய நாள் விடுதியில் தொலைந்த மணம் அங்கே அந்தப் பித்தளைக் குவளையில் இருந்தது. அம்மையாரோ ஒரு வாய் குடித்துவிட்டுத் தயங்கினார். "வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொட்டிக்கு இது காணாது சேர்" என்று சொல்லி, தோட்டத்திற் கிடைத்த டஸ்டைப் போட்டுக் கறுப்பாக ஒரு சாயம் ஊற்றித் தந்தார். ரொட்டியைக் கடித்து அதைக் குடித்தபோதுதான் அவர் சொன்னது விளங்கிற்று. மாவும் தேங்காயெண்ணெயும் நாவில் அப்பிக்கொள்ள, அந்தக் கடுஞ் சாயத்தின் துவர்ப்பு அதனைக் கழுவி, அடுத்த கவளத்துக்கு வாயைத் தயார் செய்தது. பெட்டித் தேயிலை அந்த வேலைக்கு ஆகாது. கொழும்பில் உறிஞ்சித் துப்புகிறவர்கள் சொல்லக்கூடியதை இவர் ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. காரச் சம்பலுக்கு மேற் சுடச்சுட வெறுஞ் சாயம் குடித்தால் எரிவு இரட்டிக்கும்; பால் சேர்ந்தால் தணியும். "பால் ஊத்துறதில்லையா அம்மா?" என்று இல்லாள் கேட்டாள். அக்காலத்தில் 400 கிராம் பால்மாப் பொதியின் விலை தோட்டத்து ஒருநாட் சம்பளத்தை ஒட்டி நின்றது. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவானது. 1350 ஆக உயர்ந்தது நாம் போய் வந்த பின்னர், அவ்வாண்டு செப்டெம்பரில்தான். கணக்குப் போடும் பழக்கம் எம்மை விடவில்லை. ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து பறித்தால், அதிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோ தேயிலை கிடைக்கும். கோப்பைக்கு இரண்டரைக் கிராம் என்றால் ஆயிரத்தைந்நூறு கோப்பைக்குக் குறையாது. அவருடைய ஒரு நாட் பறிப்பில் எம் கல்லூரி முழுவதற்கும் தேநீர் ஊற்றலாம்.

மாணவருக்கு வேறொரு கவலை. தாயாருக்கு இரத்தச் சோகை என்று வைத்தியசாலையிற் சொல்லியிருக்கிறார்கள். கீரை, பருப்பு முதலியவற்றில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ளாதபடி தேநீரின் துவர்ப்புப் பொருள் தடுக்கும். ஆகவே உணவோடு தேநீர் வேண்டாம், ஒரு மணி நேரமாவது கழியட்டும் என்பது மருத்துவ முறை. நாமும் அதையே எடுத்துச் சொன்னோம்.

அம்மையார் கோபிக்கவில்லை. "மலையில பத்து மணிக்குக் கொஞ்ச நேரந்தான் விடுவாங்க சேர். ரொட்டியத் தின்னுட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வந்து தண்ணி குடிக்கிறேன்னா யாரு விடுவா? வெறும் ரொட்டி தொண்டையில எறங்குமா?" என்றார்.

பொருத்தம் பார்க்கப் போன எமக்கு இதற்கு விடை தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டோடாவது தேநீரை நிறுத்தி, சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி பிழிந்துகொள்ளுங்கள், புளிப்பு அந்தச் சத்தை ஏற்க உதவும் என்று மட்டும் சொன்னோம். அதற்குத் தலையசைத்தார்.

இனி, வாசக அன்பர்கள் தம் வீட்டுக்கு எதை வாங்கலாம் என்பதற்கு வருவோம். விலையுயர்ந்த தகரப் பெட்டிகள் வேண்டியதில்லை. அவற்றில் பாதி விலை தகரத்துக்கே. சாதாரணக் காகிதப் பொதியில் வரும் டிம்புளைப் பி.ஓ.பி.எப். ஒன்று வீட்டில் இருந்தால் பெரும்பாலான பலகாரங்களுக்குப் போதும். நூறு கிராமில் நாற்பது கோப்பை வரும். பருப்பு வடை, தட்டை வடை போன்ற எண்ணெய்ப் பண்டங்களுக்குப் பாலின்றி அதனைக் குடிக்க வேண்டும். பாணும் காரச் சம்பலும் என்றால் பால் சேர்க்கலாம். நுவரெலியாத் தேயிலை கிடைத்தால் காரமான எதனையும் பக்கத்தில் வைக்கலாகாது. பயத்தம் பணியாரம் ஒன்று, அல்லது வெறும் பிஸ்கோத்து, அதற்கு மேல் வேண்டாம். தெற்கே றுகுணையின் தாழ்நிலத் தேயிலை கருஞ்சாயம் தருவது. சீனியைக் கலக்காமல், பனங்கட்டியோ கித்துள் கருப்பட்டியோ கடித்துக்கொண்டு அதனைக் குடிப்பதற்கு ஈடான மலிவு விருந்து வேறு உண்டோ என்று ஐயுறுகிறோம். ஊவாவைப் பற்றிச் சொல்ல நாம் போதிய அளவு குடித்ததில்லை. கடல்கடந்து வாழ்வோர் பொதியின் மேல் வாளேந்திய சிங்க முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. இலங்கைத் தேயிலை மட்டுமே கொண்டு, இலங்கையிலேயே பொதி செய்தவற்றுக்கே அம் முத்திரை உரியது.

யாழ்ப்பாணத்தாருக்குத் தனியே ஒரு சொல். மலையில் மணத்த தேயிலை எம் வீட்டுக் கிணற்று நீரில் மங்கிக் கறுத்து, மேலே ஓர் ஆடையும் படர்ந்தது. சுண்ணாம்புக்கல் நிலத்து நீரின் குணம் அது. நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளை படிந்த பின் மேல்நீரைத் தெளித்தெடுத்து, மறுபடி கொதிக்க வைத்து ஊற்றினோம், பெரும்பாலும் சரியாயிற்று. மழைநீர் இன்னும் நன்று. தேயிலையை மிளகாய்த்தூளுக்கு அருகில் வைக்கலாகாது என்பதனையும் அனுபவத்திற் கற்றோம். பயணப் பையில் இரண்டையும் ஒன்றாகக் கட்டியது யார் என்பதில் எம் இல்லத்தில் இன்றுவரை இணக்கம் ஏற்படவில்லை.

சில கிழமைகளின் பின் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். தகரப் பெட்டியை அம்மா என்ன செய்தார், சாமித் தட்டில் எடுத்து வைத்துவிட்டாரா என்று விசாரித்தோம். இல்லையாம். இரண்டு கரண்டி தோட்டத்து டஸ்டுக்கு ஒரு கரண்டி பெட்டித் தூள் என்று கலந்து, போத்தலில் ஊற்றி, ரொட்டியோடு மலைக்குக் கொண்டுபோகிறாராம். சாயம் அதிலிருந்து, வாசம் இதிலிருந்து. பக்கத்து நிரையிற் பறிப்பவர்களுக்கும் ஆளுக்கொரு வாய் கொடுத்தாராம். பெட்டி முடியப் போகிறதாம்.

அன்று மாலையே நாமும் அதே கணக்கிற் கலந்து ஊற்றினோம். இல்லாள் பருப்பு வடை சுட்டாள். அடுத்த மாசிக்கு ஹற்றனுக்குப் போகும்போது இரண்டு பெட்டியாக வாங்க வேண்டும் என்றாள். தகரம் வேண்டாம், காகிதப் பொதியே போதும் என்றோம்.