கடைசிக் கணக்கு

தகனச் செலவுக்கு 53 யுவான் 30 காசு. செப்டம்பர் மாத வீட்டு வாடகை 55 யுவான் 29 காசு. வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு, வேறு வழி பிறக்கும்வரை செலவுக்கு 600 யுவான்.

பி.காம். படித்த புத்தி எங்கே போகும்? ஒரு பியானோ கலைஞரின் கதையைப் படிக்க உட்கார்ந்தவன், இந்தக் கணக்கைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். 1966 செப்டம்பரில், ஷாங்காயில் ஓர் அப்பா தன் மைத்துனருக்கு எழுதி வைத்த கடிதத்தில் இருக்கும் தொகைகள் இவை. எழுதிய கையோடு அவரும் அவர் மனைவியும் உயிரை விட்டார்கள். மூத்த மகன் அப்போது லண்டனில்.

அந்த மகன்தான் ஃபூ சோங். சீனப் பியானோ என்றால் இன்று எல்லோரும் லாங் லாங் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் பிறப்பதற்கு 27 வருஷம் முன்பே ஐரோப்பிய மேடையில் பரிசு வாங்கியவர் இவர்.

அப்பா ஃபூ லேய் லேசுப்பட்ட ஆளில்லை. பாரீஸில் படித்தவர். பால்சாக்கையும் ரொமெய்ன் ரோலந்தையும் சீன மொழிக்குக் கொண்டுவந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அடியும் உண்டு. சின்ன மகன் ஃபூ மின் வயலின் கற்க ஆசைப்பட்டபோது, 'வீட்டுக்கு ஒரு சங்கீதக்காரன் போதும், அதற்குமேல் வசதியில்லை' என்று முடித்துவிட்டார். அவர் ஆங்கில வாத்தியார் ஆனார்.

1954 ஜனவரியில் மூத்தவன் வெளிநாட்டுப் படிப்புக்காக ஷாங்காயை விட்டுக் கிளம்பினான். உடனே அப்பாவிடமிருந்து கடிதங்கள். எதைப் பற்றி என்கிறீர்கள்? சின்ன வயதில் உன்னிடம் ரொம்பக் கடுமையாக நடந்துகொண்டேன் என்று வருத்தம்! நேரில் வராத வார்த்தை, பையன் கண்ணுக்கு மறைந்ததும் வந்துவிட்டது.

பிறகு பன்னிரண்டு வருஷம் கடிதங்கள்தான். இசை, ஓவியம், பழைய சீனக் கவிதை என்று பெரிய பெரிய விஷயங்கள். நடுவில், உள்ளே போனால் கோட்டோடு மஃப்ளரையும் கழற்றி வை, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்காதே என்று அர்ச்சனை. எந்த ஊர் அப்பாவானால் என்ன!

1955 வார்ஸா ஷோபின் போட்டியில் ஃபூ சோங்குக்கு மூன்றாம் பரிசு. கூடவே மசூர்க்கா வாசிப்புக்குத் தனிப் பரிசு. இரண்டாவதுதான் விசேஷம். மசூர்க்கா போலந்துக் கிராமத்து நடன மெட்டு. தாளத்துக்கு மூன்று எண்ணிக்கை. ஆனால் அழுத்தம் முதல் எண்ணிக்கையில் விழாமல் இரண்டிலோ மூன்றிலோ போய் விழும். நோட்டைப் பார்த்து வாசித்தால் மட்டும் வந்துவிடாது, அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்பார்கள். அதை ஒரு ஷாங்காய் பையன், 21 வயதில், போலந்துக்காரர்கள் முன்னாலேயே வாசித்துக் காட்டினான். ஷோபினும் 1830-ல் ஊரை விட்டுப் போய்த் திரும்பாமலே இறந்தவர். பையனுக்கு அப்போது அது வெறும் சரித்திரம்.

1958-ல் அப்பாவுக்கு 'வலதுசாரி' என்று முத்திரை குத்தினார்கள். திரும்பிப் போனால் மகன் அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும், அப்பா மகனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அது முடியாது என்றுதான் போனேன் என்று பிற்பாடு ஃபூ சோங் சொன்னார். அந்த டிசம்பரில் ஊருக்குத் திரும்பாமல் லண்டனுக்கு விமானம் ஏறினார். ஊரில் துரோகிப் பட்டம்.

கொஞ்ச காலத்துக்குப் பிறகு கடிதங்கள் மறுபடி தொடங்கின. 1960-ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹினின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். 1964-ல் பிறந்த பேரனுக்குத் தாத்தாதான் பெயர் வைத்தார். முகத்தை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

1966 ஆகஸ்ட் கடைசியில் செங்காவலர்கள் வீட்டுக்குள் புகுந்து, நாள்கணக்கில் சோதனை போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம். பிறர் நம்பிக் கொடுத்த பொருள்களுக்குக்கூட அதில் கணக்கு இருக்கிறது. கூடவே ஒரு வாக்கியம். ஃபூ சோங் என்ற துரோகியை வளர்த்த ஒரு குற்றமே போதும், நான் சாக வேண்டியவன் என்கிற பொருளில்.

பன்னிரண்டு வருஷம் கொஞ்சிக் கொஞ்சி எழுதிய அதே பேனா. இதை அவர் நம்பி எழுதினாரா, வீட்டைச் சோதனை போட வந்தவர்களின் பார்வைக்காக எழுதினாரா? இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் நான் யார்? படிக்க வேண்டியவர் மகன் அல்லவா!

1979-ல் அரசாங்கம் அப்பாவின் களங்கத்தைத் துடைத்து இரங்கல் கூட்டம் நடத்தியது. ஃபூ சோங் இருபது வருஷத்துக்குப் பிறகு ஊருக்குப் போனார். பிறகு அங்கே போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தார். 1981-ல் அப்பாவின் கடிதங்கள் புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்றன. தொகுத்தவர் யார் தெரியுமா? வயலின் கிடைக்காத அந்தத் தம்பி.

2020 டிசம்பர் 28 அன்று லண்டனில் கொரோனா ஃபூ சோங்கைக் கொண்டுபோனது. வயது 86. வயதான காலத்தில் விரல்களில் வலி. பாதி விரல் மறைக்கும் கையுறை போட்டுக்கொண்டுதான் வாசிப்பார். சில ராத்திரிகளில் அவர் மசூர்க்காவைக் கேட்கிறேன். அழுத்தம் எந்த எண்ணிக்கையில் விழுகிறது என்று மேஜையில் தட்டிப் பார்ப்பேன். இன்னும் பிடிபடவில்லை.