அத்தைக்குக் கடல் காட்டினோம்

எங்கள் ஊர் காவேரிப்பட்டினம். பெயரில் காவேரியும் உண்டு, பட்டினமும் உண்டு. ஆனால் ஓடுவது தென்பெண்ணை, கடலோ வெகுதூரம். "பட்டினம்னு பேரு, கடலைக் கண்ணால பார்க்கலியே கண்ணு!" என்று என் மாமியார் இருபது வருஷமாகச் சொல்வார். மாங்காய் சீஸன், பிள்ளைகள் பரீட்சை என்று தள்ளிப் போட்டோம். மாமனார் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்.

போன தை மாதம் அத்தையின் மூட்டுவலியையும் பாராமல் தரங்கம்பாடிக்குக் கிளம்பிவிட்டோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்களாம். சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கி, பிறகு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இங்கேதான்.

அத்தையோ மாசிலாமணிநாதர் கோயில் அருகே நின்றுவிட்டார். பழைய கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. "சாமி வீட்டையே விட்டு வைக்கலியே!" என்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்தார். குழந்தை மாதிரி சிரித்தார். சற்றுப் பொறுத்து, "அவரும் வந்திருக்கலாம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சகோதரிகளே, பெரியவர்களை அழைத்துப் போனால் வெயில் ஏறுமுன் கடற்கரைக்குப் போங்கள். மாத்திரை, குடிதண்ணீர், வழுக்காத செருப்பு மறவாதீர்கள். மணலில் கையை விடாதீர்கள். 'அடுத்த வருஷம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நாங்கள் சொன்னோம்.